எந்த முனையை மழுக்கலாம்?

மைசூரு விஜயநகரில் ஒரு கடைக்குப் பெயர்ப் பலகை செய்யச் சொன்னால், வடிவமைப்பவர் திரையில் முதலில் ஒரு செவ்வகத்தை இழுப்பார். அடுத்த நொடியே அதன் நான்கு முனைகளையும் வளைத்துவிடுவார். யோக நரசிம்ம சுவாமி கோயில் இருக்கிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து ஃபோர்த் ஸ்டேஜ் வரை மருந்துக் கடை, டிபன் கடை, பி.ஜி. விடுதி, டியூஷன் சென்டர் என்று எதன் பலகையைப் பார்த்தாலும் கூர்முனைகள் குறைவு. பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகத்தின் மொழிச் சட்டம் 2024இல் திருத்தப்பட்ட பிறகு, பழைய பலகைகளை மாற்றி எழுதும் தேவையும் வந்தது. 'கார்னர ரவுண்ட் பண்ணிடுங்க' என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டியதே இல்லை. அது தானாக நடந்துவிடுகிறது.

இதே ஊரில்தான் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவும் இருக்கிறது. 1966இல் உதகமண்டலத்திலிருந்து இங்கே வந்த அலுவலகம் அது. 1880களிலிருந்து எடுக்கப்பட்ட கல்வெட்டு மைப்படிகள், அதாவது கல்லின்மேல் தாளை வைத்து மை ஒற்றி எடுத்த படிகள், இங்கே சேர்ந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2023ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை எண்மப்படமாக்கும் திட்டத்தை அறிவித்தது. படமாக்கியபின் யாராவது அதைப் பட மென்பொருளில் திறப்பார்கள். பலகைக்காரர் பயன்படுத்தும் அதே கட்டளைகள் அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பலகையில் அழகு சேர்க்கிற வேலை மைப்படியில் சான்றை அழித்துவிடும்.

ஒரே சொல்லால் அழைத்தாலும் முனை மழுக்குதல் ஒரே செயல் அல்ல. முனை எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதை மட்டும் மழுக்கும் முறைகள் ஒரு வகை. தெரியாமலே படம் முழுவதையும் ஒரே சீராகத் தேய்க்கும் முறைகள் இன்னொரு வகை. ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் எழுத்துகளை வைத்திருக்கிற நமக்கு இந்த இரண்டாவது வகை பெரிய ஆபத்து. ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி போனால் வேறு எழுத்தாகிவிடும். பயிற்சி நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்தே சொல்லித்தருவதால், இந்த ஆபத்து அவற்றில் பேசப்படுவதே இல்லை.

ஆரம் ஒன்று, விளைவு பல

கணக்கிலிருந்து தொடங்கினால் பல குழப்பங்கள் தீரும். இரண்டு நேர்கோடுகள் சந்திக்கும் முனையில், இரண்டையும் தொட்டுச் செல்லும் ஒரு வட்டத்தைப் பொருத்தி, வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்பகுதியை வெட்டி எறிவதுதான் முனை மழுக்குதல். அந்த வட்டத்தின் ஆரத்தையே மென்பொருள் நம்மிடம் கேட்கிறது. முனை செங்கோணமாக இருந்தால், வெட்டு ஒவ்வொரு பக்கத்திலும் ஆரத்தின் அளவுக்கே உள்ளே போகும். முனையின் நுனி மூலைவிட்ட வாக்கில் ஆரத்தில் 0.41 பங்கு பின்வாங்கும். இதைத்தான் எல்லாரும் பழகியிருக்கிறோம்.

கோணம் குறையக் குறைய நிலைமை மாறுகிறது. 60 பாகை முனையில் நுனி முழு ஆர அளவுக்குப் பின்வாங்கும். ஐந்து முனை நட்சத்திரத்தின் நுனிக்கோணம் 36 பாகை. அங்கே இழப்பு ஆரத்தைப்போல் 2.236 மடங்கு, அதாவது சரியாக 5இன் வர்க்கமூலம். செவ்வகத்துக்கு 10 கொடுத்தால் நுனியில் 4 போகிறது. அதே 10ஐ நட்சத்திரத்துக்குக் கொடுத்தால் 22 போகிறது. சின்னத்தில் நட்சத்திரமும் கட்டமும் சேர்ந்து வரும்போது இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, நட்சத்திரம் மட்டும் ஏன் குட்டையாகிவிட்டது என்று குழம்புவது இதனால்தான். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் 'அப்சல்யூட்', 'ரிலேட்டிவ்' என்று இரண்டு வகை மழுக்கல் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது, சொன்ன ஆரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, கோணத்துக்கு ஏற்பத் தளர்த்திக்கொள்ளும். பலரும் தொடாமலே விட்டுவிடும் தெரிவு அது.

சட்டம் போட்ட பலகையில் இன்னொரு கணக்கு வருகிறது. வெளிவிளிம்பின் ஆரம் 50 மில்லிமீட்டர், சட்டத்தின் அகலம் 20 என்றால், உள்விளிம்புக்கு 30தான் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் 50 கொடுத்தால் சட்டம் முனைகளில் மட்டும் தடித்து ஊதிப்போய்த் தெரியும். விஜயநகரின் பெரிய சாலைகளில் நடந்துபோனால் இந்தப் பிழையைக் கணிசமான பலகைகளில் காணலாம். திருத்த ஒரு கழித்தல் போதும்.

முனையை அறிந்த கருவிகள்

1981இல் ஆப்பிள் நிறுவனத்தில் பில் அட்கின்சன், வட்டத்தையும் நீள்வட்டத்தையும் மிக வேகமாக வரையும் நிரலை எழுதிக் காட்டினார். முனை வளைந்த செவ்வகமும் வேண்டும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். அது கடினம், தேவையும் இல்லை என்பது அட்கின்சனின் எண்ணம். ஜாப்ஸ் அறையில் இருந்த பொருள்களைக் காட்டினார். பிறகு அவரைத் தெருவுக்கே கூட்டிப்போய், வண்டி நிறுத்தக்கூடாது என்று எழுதியிருந்த பலகை வரைக்கும் வளைந்த முனைகளை ஒவ்வொன்றாகச் சுட்டினார். மறுநாளே அட்கின்சன் அதற்கான நிரலோடு வந்தார். 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷின் குவிக்டிரா நிரல்தொகுதியில் அது இடம்பிடித்தது. ஒரு தெருப் பலகைதான் திரைக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லலாம். இன்று திரையிலிருந்து அது தெருப் பலகைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

வெக்டர் மென்பொருள் உருவத்தைக் கணுக்களாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் முனை எது என்று அதற்குத் தெரியும். நம் ஊர்ப் பலகைக் கடைகளில் அதிகம் புழங்குகிற கோரல் டிராவில், செவ்வகத்தை வரைந்து எஃப் 10 விசையால் ஷேப் கருவியை எடுத்து முனையை இழுத்தால் போதும். வெளிப்பக்கம் வளைந்த முனை, உள்நோக்கிக் குழிந்த முனை, சாய்வாக வெட்டிய முனை என்று மூன்று வகையும் கிடைக்கும். நான்கு முனைக்கும் தனித்தனி ஆரம் கொடுக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் 2014 முதல் ஒவ்வொரு முனைக்குள்ளும் ஒரு சிறு வட்டம் தோன்றுகிறது. அதைப் பிடித்து இழுத்தால் அந்த முனை மட்டும் வளையும், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூராக்கலாம். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இன்க்ஸ்கேப் இருக்கிறது. 2003இல் சோடிபோடியிலிருந்து பிரிந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. அதன் பாதை விளைவுகளில் 'கார்னர்ஸ்' என்பதைத் தேர்ந்தால் எந்தக் கோணல் உருவத்துக்கும் முனைவாரியாக ஆரம் வைக்கலாம். மூல உருவம் கெடாமல் அடியில் இருக்கும்.

உள்ளே நடப்பது ஒரு தோராயம். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பெசியே வளைகோட்டால் வரைகின்றன. ரெனோ கார் நிறுவனத்தின் பியர் பெசியேயும் சித்ரோவனின் பால் த காஸ்தெல்ஜோவும் தனித்தனியே கண்டடைந்த கணிதம் அது. அதனால் முழு வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது. கால்வட்டம் ஒன்றுக்குக் கைப்பிடி நீளத்தை ஆரத்தின் 0.5523 பங்காக வைத்தால், பிழை ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கண் அதை ஒருநாளும் பிடிக்காது. கையால் கணுப் போட்டு வளைப்பவர்கள் இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால், முனை வளைவு சில இடங்களில் சப்பையாகவும் சில இடங்களில் புடைத்தும் போகாது.

வளைவு வட்டமாக இருப்பதே சரியா என்று கேட்பவர்களும் உண்டு. நேர்கோடு முடிந்து வட்டம் தொடங்கும் இடத்தில் வளைவின் அளவு சுழியத்திலிருந்து சட்டென்று தாவுகிறது. ஒளி பட்டுத் தெறிக்கும் பரப்புகளில் அந்தத் தாவல் கண்ணுக்கு உறுத்தும். இந்திய ரயில்வே தண்டவாளத்தை வளைக்கும்போது நேர்ப்பாதையிலிருந்து நேரே வட்டத்துக்குப் போகாமல், நடுவே முப்படிப் பரவளைவு ஒன்றைப் போடுகிறது. வளைவு சிறிதுசிறிதாகக் கூடும், பயணி குலுங்க மாட்டார். ஸ்டாக்ஹோமின் சேர்கல் சதுக்கத்துக்கு டென்மார்க்கின் பீத் ஹைன் 1959இல் செவ்வகத்துக்கும் நீள்வட்டத்துக்கும் இடைப்பட்ட, 2.5 அடுக்குள்ள மிகைநீள்வட்டத்தைப் பரிந்துரைத்தார். 2013இல் ஐஃபோன் இயங்குதளத்தின் சின்னங்கள் அதே திசையில் நகர்ந்தன. ஃபிக்மா வடிவமைப்பு மென்பொருளில் இதற்கென்றே ஓர் இழுவை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும் தெருப் பலகைக்கு இதெல்லாம் அநாவசியம் என்பது என் எண்ணம். கையில் வைத்துப் பார்க்கும் பொருளுக்குத்தான் அந்த நுணுக்கம் பயன்படும்.

முனையை அறியாத கருவிகள்

பிக்சல் படத்தில் முனை என்று ஒன்று கிடையாது. நிறம் மாறும் இடங்கள்தான் உண்டு. ஆகவே கிம்ப், ஃபோட்டோஷாப் போன்றவற்றில் ஏற்கெனவே வரையப்பட்ட ஓர் உருவத்தின் முனையை மழுக்க வேண்டுமானால் சுற்றுவழிதான்.

பரவலாகச் சொல்லித்தரப்படுவது மங்கலாக்கித் திரும்ப வெட்டும் முறை. உருவத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, காஸியன் மங்கலைப் போட்டு, 'திரெஷோல்ட்' கட்டளையால் பாதிக்கு மேல் வெளுத்ததை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் பிரித்துவிடுவது. நேர்விளிம்பில் இருபக்க நிறமும் சமமாகக் கலப்பதால் விளிம்பு இருந்த இடத்திலேயே நிற்கும். முனையில் மூன்று பக்கமும் பின்னணி சூழ்ந்திருப்பதால் அது தோற்றுப் பின்வாங்கும். அழகான உபாயம். உருவத்தில் எத்தனை முனை இருந்தாலும் ஒரே அடியில் முடிந்துவிடும்.

இதன் விலையை யாரும் எண்ணால் சொல்வதில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மங்கல் அளவு 10 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பரவலின் திட்டவிலக்கத்தைச் சொல்கிறேன். செங்கோண முனையின் நுனி 7.7 பிக்சல் பின்வாங்கும். அது ஏறக்குறைய 18.6 பிக்சல் ஆரம் கொடுத்ததற்குச் சமம். அதே நேரம், 13.5 பிக்சலைவிட மெல்லிய கோடு எதுவாக இருந்தாலும் அடியோடு மறைந்துவிடும். 23.5 பிக்சலைவிடச் சிறிய விட்டமுள்ள புள்ளியும் மறைந்துவிடும். கோட்டைவிடப் புள்ளி வேகமாக அழிகிறது, ஏனென்றால் அதைப் பின்னணி நாலாபக்கமும் சூழ்ந்திருக்கிறது.

இதைத் தமிழ் எழுத்தில் பொருத்திப் பாருங்கள். கோட்டின் தடிமன் 12 பிக்சல், மெய்யெழுத்தின் புள்ளியும் 12 பிக்சல் என்று இருக்கும் ஓர் எழுத்துரு. மங்கல் அளவு 5.1ஐத் தாண்டியதும் புள்ளிகள் போய்விடும். எழுத்தின் உடல் 8.9 வரை தாங்கும். இடைப்பட்ட அளவு எதை வைத்தாலும் எழுத்துகள் அழகாக வளைந்து நிற்கும், புள்ளி ஒன்றுகூட இருக்காது. 'பக்கம்' என்று எழுதியது 'பககம' ஆகிவிடும். படம் சேதமானது போலத் தெரியாது என்பதுதான் இதில் அஞ்சவேண்டிய விஷயம். மழுங்கல் சுத்தமாக இருப்பதால், தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அதை நிறைவாக முடிந்த வேலை என்றே அனுப்பிவிடுவார். மைசூரு போன்ற ஊரில் ஒரு தமிழ்ப் பலகையைக் கன்னடம் மட்டும் தெரிந்தவர் செய்வதும், சென்னையில் இதற்கு நேர்மாறாக நடப்பதும் சாதாரணம்.

புள்ளியோடு நிற்கவில்லை. எகரத்திலிருந்து ஏகாரத்தைப் பிரிப்பது கீழே சாய்ந்து நீளும் ஒரு சிறு கோடு. துணைக்காலிலிருந்து ரகரத்தைப் பிரிப்பதும் அடியில் சாயும் ஒரு வெட்டுதான். இரண்டும் கூராக முடிபவை. கூர்நுனியை மழுக்கினால் என்ன ஆகும் என்பதை நட்சத்திரக் கணக்கிலேயே பார்த்தோம். கன்னடத்திலும் இதே சிக்கல். தகர, டகர, பகர வரிசைகளில் மகாபிராண எழுத்தை, அதாவது மூச்சொலி எழுத்தைப் பிரித்துக் காட்டுவது எழுத்தின் அடியில் கீழ்நோக்கி இழுக்கும் ஒரு சின்னக் கீற்று. பார்க்க மொத்தமும் உருண்டையான எழுத்து, மழுக்கினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த எழுத்தில் கூராக இருப்பது அந்தக் கீற்று மட்டும்தான், பொருளும் அதில்தான் இருக்கிறது.

1954இல் உளவியலாளர் ஃப்ரெட் அட்னீவ் ஒரு தூங்கும் பூனையின் வெளிக்கோட்டில் வளைவு மிகுந்த 38 இடங்களை மட்டும் குறித்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தார். பூனை பூனையாகவே தெரிந்தது. உருவத்தைப் பற்றிய செய்தி முனைகளில்தான் குவிந்திருக்கிறது என்பது அவர் முடிவு. 2006இல் மோஷே பார், மைட்டல் நேட்டா இருவரும் செய்த ஆய்வில், ஒரே பொருளின் கூர்வடிவத்தைவிட வளைந்த வடிவத்தையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் சிக்கலின் முழு உருவமும் தெரிகிறது. நமக்குப் பிடித்தமானது வளைவு, நமக்கு அடையாளம் சொல்வது முனை.

மங்கலாக்கலுக்கு மாற்றாகச் சுருக்கி விரிக்கும் முறை இருக்கிறது. கிம்ப்பில் உருவத்தைத் தேர்வு செய்து 'ஷ்ரிங்க்' கட்டளையால் 8 பிக்சல் உள்ளே சுருக்கி, 'குரோ' கட்டளையால் அதே 8 பிக்சல் வெளியே விரித்தால், வெளிமுனைகள் ஏறக்குறைய 8 பிக்சல் ஆரத்தில் மழுங்கும். வரிசையை மாற்றி முதலில் விரித்துப் பிறகு சுருக்கினால் உள்மூலைகள் மழுங்கும். 1964இல் பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோனும் ஜான் செராவும் உருவாக்கத் தொடங்கிய கணித உருவவியலில் இவை அடிப்படைச் செயல்கள். வட்ட வடிவக் கருவியால் செய்தால் ஆரம் துல்லியமாகக் கிடைக்கும் என்பதும், உள்முனை வெளிமுனை இரண்டையும் தனித்தனியே ஆளலாம் என்பதும் இதன் பலம். ஆரத்தைப்போல் இருமடங்குக்கும் மெல்லியது எதுவும் தப்பாது என்பது பலவீனம். ஆனால் இங்கே கோடும் புள்ளியும் ஒரே அளவில்தான் அழிகின்றன. புள்ளி மட்டும் திருட்டுத்தனமாகப் போகாது, எழுத்தும் சேர்ந்தே சிதையும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். எழுத்துள்ள பிக்சல் படத்தைத் தேய்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஃபோட்டோஷாப்பில் 'செலக்ட்' பட்டியலுக்குள் 'மாடிஃபை', அதற்குள் 'ஸ்மூத்' என்று இருப்பதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. தேர்வின் விளிம்பை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்து முடிவு செய்கிறது. செவ்வகம் மட்டும் வேண்டுமென்றால் கிம்ப்பின் செவ்வகத் தேர்வுக் கருவியிலேயே முனை வளைக்கும் பெட்டி இருக்கிறது. அதற்குச் சுற்றுவழி எதுவும் தேவையில்லை.

பிக்சலிலிருந்து வெக்டருக்குப் போகும் பாலத்தையும் சொல்ல வேண்டும். இன்க்ஸ்கேப்பின் 'டிரேஸ் பிட்மேப்' பீட்டர் செலிங்கரின் போட்ரேஸ் நிரலால் இயங்குகிறது. அதில் முனைகளை வழவழப்பாக்கும் ஓர் அளவு 0 முதல் 1.34 வரை இருக்கிறது. சுழியம் வைத்தால் எல்லாம் முனை. உச்சத்துக்குத் தள்ளினால் எதுவுமே முனை இல்லை. இயல்பாக இருப்பது 1. அதாவது, எது முனை, எது வளைவு என்பதை நமக்காக நிரலே தீர்மானித்துவிடுகிறது. பழைய அச்சுப் புத்தக எழுத்தை வருடி வெக்டராக்குபவர்கள் இந்த ஓர் எண்ணைக் கவனிக்காவிட்டால், டகரத்தின் செங்கோணம் அவர்களுக்குத் தெரியாமலே உருண்டுவிடும்.

வெட்டும் கருவி விதிக்கும் வளைவு

பலகைத் தொழிலில் திரையில் முடிவதில்லை கதை. அக்ரிலிக்கையும் அலுமினியக் கூட்டுத் தகட்டையும் சி.என்.சி. ரவுட்டர் வெட்டும்போது, சுழலும் வெட்டுமுனைக்கு ஒரு தடிமன் உண்டு. 6 மில்லிமீட்டர் வெட்டுமுனையால் 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆரமுள்ள உள்மூலையை வெட்டவே முடியாது. கோப்பில் கூர்மூலை இருந்தாலும் பலகையில் வளைந்தே வரும். வடிவமைப்பவர் இதை முன்கூட்டியே 3 என்று வரைந்து கொடுத்தால், வெளிமுனைக்கும் அதே வளைவைக் கொடுத்து ஒரே குணமாக்கலாம். லேசர் வெட்டுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அக்ரிலிக்கில் கூரான உள்மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். 1913இல் சார்லஸ் இங்லிஸ் காட்டியது போல, தகட்டில் வட்டத் துளையின் ஓரத்திலேயே இழுவிசை மூன்று மடங்காகிறது. துளையின் முனை கூராகக் கூராக அது இன்னும் ஏறும். வினைல் ஒட்டிகளிலும் முதலில் உரிந்து எழுவது கூர்முனைதான். இந்த இடங்களில் எல்லாம் மழுக்குவது அலங்காரத்துக்காகச் செய்வதல்ல, ஆயுளுக்காகச் செய்வது.

அடையாள அட்டை அச்சிடும் டி.டி.பி. கடைகளுக்கு ஒரு நிலையான அளவு இருக்கிறது. வங்கி அட்டை அளவுக்கான ஐ.எஸ்.ஓ. 7810 தரத்தில் அட்டை 85.60க்கு 53.98 மில்லிமீட்டர், முனை ஆரம் 2.88 முதல் 3.48 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏறக்குறைய 1011க்கு 638 பிக்சல், ஆரம் 34 முதல் 41 பிக்சலுக்குள். முனை வளைத்த படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் ஒளிபுகும் தன்மை போய் முனைகளில் வெள்ளை முக்கோணம் ஒட்டிக்கொள்ளும். பி.என்.ஜி.யாகச் சேமிக்க வேண்டும். வளைத்தபின் படத்தை ஒருபக்கம் மட்டும் இழுத்து நீட்டினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். இன்க்ஸ்கேப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அளவு மாறும்போது ஆரமும் மாறலாமா என்பதற்குத் தனித்தெரிவு உண்டு.

ஓலை உருட்டியதா?

நம் எழுத்துகளின் வரலாற்றிலேயே முனை மழுங்கல் நடந்திருக்கிறது. தமிழ்ப் பிராமியில் ககரம் கூட்டல் குறி போல இரண்டு நேர்கோடுகள். பிறகு வட்டெழுத்து வந்தது. மைசூரில் பாதுகாக்கப்படும் ஹல்மிடிக் கல்வெட்டின் தொல்லெழுத்துக்கும் இன்று விஜயநகர்ப் பலகையில் இருக்கிற குண்டுக் கன்னடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1500 ஆண்டு உருளல் இருக்கிறது. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் கிழியும், அதனால்தான் எழுத்து உருண்டது என்று பள்ளியிலிருந்தே சொல்லிவருகிறோம். மலையாளம், சிங்களம், ஒடியா, பர்மியம் ஆகியவற்றை நினைத்தால் சரியாகவே படுகிறது. ஆனால் அதே ஓலையில் நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட தமிழ், டகரத்திலும் பகரத்திலும் மகரத்திலும் செங்கோணத்தை விடவில்லை. டகரத்தின் அடிக்கோடு நார் ஓடும் திசையிலேயே போகிறது, இருந்தும் அது நேராகவே நின்றது. ஓலை ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணமாக இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். எழுதுபவர்கள் எந்த முனை வேண்டும், எந்த முனை வேண்டாம் என்று தாங்களே தேர்ந்திருக்கிறார்கள். எந்த எழுத்தோடு எந்த எழுத்து குழம்பக்கூடாது என்ற உணர்வு அந்தத் தேர்வில் இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் எழுத்தை மழுக்கும் வேலையை எழுத்துரு வடிவமைப்பாளரிடம் விட்டுவிடச் சொல்கிறேன். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பலூ வரிசையில் தமிழுக்கு 'பலூ தம்பி', கன்னடத்துக்கு 'பலூ தம்மா' என்று இரண்டு இருக்கின்றன. உருண்டு திரண்ட, முனை மழுங்கிய எழுத்துகள். இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஏகாரத்தின் கீழ்க்கோடு எவ்வளவு நீள வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் எழுத்தெழுத்தாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். மென்மையான தோற்றம் வேண்டும் என்கிற கடைக்காரருக்கு இந்த எழுத்துருவைப் போட்டுக் கொடுக்கலாம். கூரான எழுத்துருவை எடுத்து வளைகோடாக்கி அதன்மேல் மங்கலைப் பூசுவது தேவையில்லாத வேலை. செவ்வகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மழுக்குங்கள், அதில் இழக்க எந்தச் செய்தியும் இல்லை.

மைப்படியில்

ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்து, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. பள்ளத்தில் மை படாததால் கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக வரும். கல்லின் பொரிவு, தாளின் சுருக்கம், மையின் திட்டு எல்லாம் அதில் இருக்கும். எண்மப்படமாக்கியபின் அந்தப் பொரிவுகளைச் 'சுத்தம்' செய்ய யாருக்கும் கை பரபரக்கும். எழுத்தறியும் நிரலுக்கு ஊட்டுவதற்காக இப்படித் தேய்ப்பது பட ஆய்வில் வழக்கமான முதற்படியும்கூட.

கல்வெட்டில் ஆண்டு குறிக்கப்படாதபோது அதன் காலத்தைச் சொல்வதில் எழுத்தமைதிக்குப் பெரும் பங்கு உண்டு. பிராமியின் கூர்மையிலிருந்து வட்டெழுத்தின் வளைவுக்கு எழுத்து நகர்ந்த பாதையில் ஒரு முனை எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதே சான்று. அந்த முனையை மென்பொருள் 5 பிக்சல் உருட்டினால், சிற்பியின் உளி செய்யாததைச் செய்ததாகக் காட்டிவிடுவோம். புள்ளியின் கதை இன்னும் நுட்பமானது. பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இட்ட இடமும் உண்டு, இடாத இடமும் உண்டு. எங்கே இட்டார்கள் என்பதே ஆராய்ச்சிக்குரிய கேள்வி. கல்லின் பொரிவும் புள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, பொரிவை அழிக்கும் கட்டளை புள்ளியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். எடுத்தது எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தேய்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரலுக்குத் தேய்த்த படி வேண்டும் என்றால் கொடுக்கலாம். மூலப்படம் தொடப்படாமல் தனியே இருக்க வேண்டும். தேய்த்த படியோடு எந்தக் கட்டளை, எத்தனை பிக்சல், எந்த வரிசை என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே சேர வேண்டும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்தால், காணாமல் போனவை மட்டும் தனியே தெரியும். கிம்ப்பில் மேலடுக்கை 'டிஃபரன்ஸ்' நிலைக்கு மாற்றினாலே போதும், ஒரு நிமிட வேலை. கழித்துவந்த படத்தில் முனைகளின் துணுக்குகள் பிறைபோலச் சிதறிக் கிடக்கும். வட்டமாகத் தனித்து நிற்கும் துணுக்கு எதுவானாலும், அதைப் பொரிவு என்று ஒதுக்கும் முன்பு தமிழ் எழுத்தறிந்த ஒருவர் பார்த்தாக வேண்டும்.